சிறு உள்நாட்டுப் படகு: பயணத் திட்டமும் கருவிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு, கால்வாய், ஏரி ஆகியவற்றில் சில நாள் தங்கிப் போகக்கூடிய 6 முதல் 10 மீட்டர் நீளப் படகு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் "எதை வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்தத் தண்ணீரில், எத்தனை நாள், எத்தனை பேர் என்று தெரியாமல் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் பயணம் பற்றிய கேள்விகளை முதலில் வைத்திருக்கிறேன். கருவிகள் அப்புறம்.

படகு கைக்கு வந்துவிட்டது. முதல் வேலையாக என்ன செய்யட்டும்?

ஒரு அளவுநாடாவை எடுத்து நான்கு அளவுகளை நீங்களே எடுங்கள்: மொத்த நீளம், மொத்த அகலம், நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம், நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் உயரம். கையேட்டில் உள்ள எண்களை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் காலிப் படகின் அளவுகள். நீங்கள் கூரையில் பொருத்தியவை எதுவும் அதில் சேராது.

மூழ்கும் ஆழத்தை எல்லாத் தொட்டிகளும் நிரம்பி, ஆட்களும் ஏறிய நிலையில் அளக்க வேண்டும். உயரத்தை நேர்மாறாக, தொட்டிகள் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும், ஏனென்றால் பாரம் குறைந்தால் படகு மேலே எழும். இரண்டிலும் மோசமான எண்தான் நமக்கு வேண்டியது. நான்கையும் ஒரு அட்டையில் எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பாலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

கால்வாயில் நியாயமான வேகம் மணிக்கு 5 முதல் 6 கி.மீ. வழியில் லாக்குகள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் அனுப்பும் தொட்டிகள்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் கூட்டுங்கள். கணக்கு எளிது: தூரத்தை 5-ஆல் வகுத்து, லாக் எண்ணிக்கையை 4-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டினால் மணிக்கணக்கு வரும். 18 கி.மீ., 8 லாக் என்றால் 3.6 மணியும் 2 மணியும் சேர்ந்து 5.6 மணி.

வரிசையில் காத்திருப்பது, தண்ணீர் நிரப்புவது, திறக்கும் பாலத்துக்காக நிற்பது எதுவும் இதில் இல்லை. ஆகவே கணக்கில் 5.6 என்று வந்தால் அன்றைய பொழுது முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாரத்துக்கு ஒரு நாளையாவது முழுதாகக் காலியாக விடுங்கள். ஏதாவது தாமதமானால் அந்த நாள் ஈடுகட்டும், ஆகாவிட்டால் ஓய்வு. லாக்குகளுக்கும் திறக்கும் பாலங்களுக்கும் வேலை நேரம், பராமரிப்புக்காக மூடும் காலம் எல்லாம் உண்டு. அந்த நீர்வழியை நிர்வகிப்பவர்களின் அறிவிப்பைப் புறப்படும் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இன்ஜினில்தான் சக்தி இருக்கிறதே, கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?

நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு. நீர்மட்டத்தில் அளந்த நீளத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு மணிக்கு இத்தனை கி.மீ. என்ற கணக்கில் கிடைக்கும். 7 மீட்டருக்கு ஏறக்குறைய 12. அதை நெருங்க நெருங்க, கூடுதல் எரிபொருள் அலையாகத்தான் மாறுகிறது. வேகத்தைக் கால் பங்கு குறைத்தாலே தேவைப்படும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆழம் குறைந்த கால்வாயில் வரம்பு இன்னும் கீழே வரும். படகுக்கு அடியில் போக நீருக்கு இடம் போதாது. பின்பக்கம் கீழே அமுங்கி, சுக்கான் மந்தமாகிவிடும். கரையோரம் கட்டியிருக்கும் படகுகளின் கயிறும் முளையும் பிடுங்கிக்கொள்ளும், கரை மண் சரியும். பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்கள் அலை கரையில் உடைந்தால் வேகம் அதிகம்.

ஆற்றில் முதலில் எதிர்நீரோட்டத்தில் போவதா, நீரோட்டத்தோடு போவதா?

முடிந்தால் எதிர்நீரோட்டம் முதலில். உங்கள் வேகம் மணிக்கு 6 கி.மீ., நீரோட்டம் 2 என்றால் 24 கி.மீ. தூரத்துக்குக் கீழ்நோக்கி 3 மணி, மேல்நோக்கி 6 மணி. மழை பெய்து நீரோட்டம் 4 ஆனால் கீழ்நோக்கி 2.4 மணிதான், மேல்நோக்கி 12 மணி. விடுமுறையின் கடைசி இரண்டு நாளில் இந்த 12 மணியைச் சந்திக்கிற நிலைமை வரக்கூடாது.

நீரோட்டத்தோடு போகும்போது நின்றுகொள்வது கடினம். கரையில் கட்ட வேண்டுமானால் கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி, முகப்பை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து மெல்ல வந்து சேருங்கள். அப்போது நீர் உங்களைத் தாங்கிப் பிடிக்கும், சுக்கானும் பேச்சைக் கேட்கும். கட்டும்போது முன்கயிறு முதலில்.

மழைக்குப் பிறகு ஆற்றில் இறங்கலாமா?

நீர் ஒரு பொருளின் மேல் கொடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீரோட்டம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. பாலத்துக்கு அடியில் இடைவெளி குறையும். நீங்கள் அட்டையில் எழுதிய உயரம் மாறாது, பாலத்தின் உயரம்தான் மாறும். மரக்கட்டைகள் மிதந்து வரும். அணைக்கட்டுக்கு மேற்புறம் இழுவை கடுமையாகும்.

உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையைவிட, மேற்பகுதியில் நேற்றும் முந்தாநாளும் பெய்த மழைதான் முக்கியம். நீர்மட்ட அளவுகோலில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். காத்திருக்கும்போது கயிறுகளை நீளமாக விட்டு, அவ்வப்போது சரிபாருங்கள். ஏறும்போது இறுக்கமான கயிறு படகைக் கவிழ்க்கும். இறங்கும்போது படகு கரைமேல் தங்கிவிடும். இந்தக் காத்திருப்புக்குத்தான் அந்தக் காலியான நாள்.

லாக்கில் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

இரண்டு விஷயங்கள். ஒன்று, கீழே இறங்கும்போது மேல் கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்திண்டு. நீர் குறையும்போது படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கி, படகு மூழ்கும். பக்கச்சுவரில் அதற்கான குறி இருக்கும். அதைத் தாண்டி முன்னாலேயே நில்லுங்கள். மற்றொன்று, கட்டிப்போட்ட கயிறு. லாக்குக்குள் கயிற்றை முடிச்சுப் போடவே கூடாது. தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, மட்டத்துக்கேற்ப விட்டோ இழுத்தோ வர வேண்டும்.

மடையை, அதாவது லாக்கில் நீரை விடும் அடைப்பை, திறப்பவர் கண் படகின் மேலேயே இருக்கட்டும். ஏதாவது தவறாகத் தெரிந்தால் முதலில் மடையை மூடுங்கள், காரணம் அப்புறம் தேடலாம்.

எரிபொருளும் தண்ணீரும் எவ்வளவு எடுத்துப்போவது?

சின்ன டீசல் இன்ஜின் கால்வாய் வேகத்தில் மணிக்கு 1 முதல் 2 லிட்டர் குடிக்கும். உங்கள் இன்ஜினுடைய எண் வேண்டுமானால் தொட்டியை முழுதாக நிரப்பி, மணிக்கணக்கைக் குறித்து ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய விதி இன்றும் நல்ல விதிதான். டீசல் தொட்டியைப் பாதி காலியாக மாதக்கணக்கில் விடாதீர்கள். உள்ளே நீர் கோத்து, டீசலும் நீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

குடிக்க, சமைக்க, சிக்கனமாகக் குளிக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 லிட்டர் தண்ணீர். ஆனால் பல படகுகளில் உண்மையான எல்லை தண்ணீர் அல்ல, கழிவறைதான். 20 லிட்டர் கழற்றும் தொட்டி இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதைக் காலிசெய்யும் நிலையங்களை வரைபடத்தில் முதலில் குறித்து, மற்ற நிறுத்தங்களை அவற்றைச் சுற்றி அமையுங்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, முதலில் எது?

உயிரைக் காப்பவை, படகை மிதக்க வைப்பவை, நிறுத்திவைப்பவை, ஓட்டிக்கொண்டே இருப்பவை, வசதிக்கானவை. வாங்கும் வரிசையும் இதுதான். அதாவது எல்லோருக்கும் உயிர்க்கவசம், தீயணைப்பான், தீப்போர்வை, கார்பன் மோனாக்சைடு அலாரம். அடித்தள நீரை இறைக்கும் தானியங்கி பம்பு. நங்கூரமும் நல்ல கயிறுகளும். பிறகு உதிரியாக ஒரு இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம்), பெல்ட், ஃபில்டர். முன்முனைத் தள்ளுவிசை மோட்டார் (முகப்பைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பும் மோட்டார்) கடைசி. அது பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டவருக்கு அநேகமாகத் தேவைப்படாது.

உயிர்க்கவசத்தில் ஐஎஸ்ஓ 12402 தரக் குறியையும் நியூட்டன் எண்ணையும் (எவ்வளவு விசையோடு மிதக்க வைக்கும் என்ற அளவு) பாருங்கள். அமைதியான உள்நாட்டு நீருக்கு 100 போதும். கனமான உடை அணிபவர்களுக்கு 150 நல்லது. குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவும் தொடையிடைப் பட்டையும் கட்டாயம். வளரும் என்று பெரியதாக வாங்கினால் அது தலைவழியே கழன்றுவிடும்.

கால்வாய்ப் படகுக்கு நங்கூரம் எதற்கு?

கால்வாயை விட்டு ஆற்றில் நுழையும் நிமிடத்திலிருந்து தேவை. இன்ஜின் நின்றுபோய், கீழே அணைக்கட்டு இருந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக் அதுதான். ஆகவே அது பெட்டிக்குள் இருக்கக்கூடாது. முகப்பில், சங்கிலியோடும் கயிற்றோடும் இணைக்கப்பட்டு, கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்டு இருக்க வேண்டும்.

கயிற்றின் நீளம் குறைந்தபட்சம் ஆழத்தின் 5 மடங்கு, நீரோட்டத்தில் 7. ஆழம் என்பது முகப்பிலிருந்து அடித்தரை வரை. நீர் 3 மீட்டர், முகப்பு 1 மீட்டர் என்றால் 4; அப்படியானால் 20 முதல் 28 மீட்டர் கயிறு.

பேட்டரி எவ்வளவு பெரியதாக வேண்டும்?

படகின் நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாள் செலவைக் கூட்டுங்கள். 12 வோல்ட்டில் சின்ன கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் 35 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஆம்பியர்-மணி), நான்கு எல்இடி விளக்கு 4 மணி நேரத்துக்கு 4, மின்விசிறி ஒரு இரவுக்கு 6, இரண்டு போன்களுக்கு 3, தண்ணீர் பம்புக்கு 1. மொத்தம் ஏறக்குறைய 50. ஃப்ரிட்ஜை நீக்கினால் 15 ஆகிவிடும் என்பதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு முன் சில்லறை.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே இன்ஜின் ஓடாமல் இரண்டு நாள் நிற்கப்போகிறீர்கள் என்றால் 100 செலவுக்கு 200 ஆம்பியர்-மணி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம், 125 போதும். தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்டுபவருக்கு இதில் பாதி போதும். ஒரே இடத்தில் மூன்று நாள் நிற்பவருக்கு இதுவும் போதாது. உங்கள் பயணத் திட்டம்தான் பேட்டரியின் அளவைச் சொல்கிறது.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி மட்டும் எப்போதும் தனியாக இருக்கட்டும்.

லித்தியம் வாங்கிப் பழையதைக் கழற்றிய இடத்தில் வைத்தால் முடிந்ததா?

இல்லை. லித்தியம் கொடுத்த மின்னோட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) மெதுவான இன்ஜின் வேகத்தில் முழுச்சுமையைச் சுமந்து சூடாகிக் கெடும். பேட்டரியின் உள் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் போகலாம். ஆல்டர்னேட்டர் எப்போதும்போல் கிளப்பும் பேட்டரியோடு இணைந்திருக்க, அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் (மின்னோட்டத்தை அளவோடு கடத்தும் கருவி) வழியாக லித்தியத்துக்குக் கொடுப்பது எளிய, பாதுகாப்பான வழி. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

பேட்டரி புதுசு, ஆனாலும் ராத்திரியில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. ஏன்?

பத்தில் பல முறை குற்றவாளி பேட்டரி அல்ல, மெல்லிய கம்பி. 12 வோல்ட்டில் அரை வோல்ட் இழப்பே பெரிது. 5 மீட்டர் தள்ளியிருக்கும் ஃப்ரிட்ஜுக்குக் கம்பி போய் வர 10 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால், 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தொலைந்துபோகும்; 2.5-இல் 0.35, 4-இல் 0.22. கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் இழப்பு இன்னும் கூடும். உடனே அதன் பாதுகாப்புச் சுற்று "பேட்டரி தீர்ந்தது" என்று நினைத்து நிறுத்திவிடும். 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு வராத பருமனைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரிட்ஜுக்கு அதற்கும் ஒரு படி மேலே போவது நல்லது.

கம்பி பல இழை கொண்டதாக, வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். முனைகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள் (நசுக்கி இறுக்குங்கள்). ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கல்ல, கம்பி தீப்பிடிக்காமல் காப்பதற்கு. அதனால் அதன் இடம் பேட்டரிக்கு மிக அருகில். ஆம்பியர் கம்பியின் தாங்குதிறனுக்குள்.

சோலார் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நல்ல வெயில் நாளில் 100 வாட் தட்டு 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். மேலே போட்ட 50 கணக்குக்கு 200 வாட் என்றால் வெயில் காலத்தில் சமாளிக்கலாம். மரநிழலில் கட்டினால் கிடைப்பது மிகக் குறைவு. கைப்பிடிக் கம்பியின் மெல்லிய நிழல்கூடத் தட்டின் உற்பத்தியைப் பெரிதும் குறைக்கும். படுக்கையாகவே பொருத்துங்கள். சாய்த்து நிறுத்தும் சட்டம் போட்டால் பாலத்துக்கு முன் மடக்க மறக்கக்கூடாது.

இன்வெர்ட்டர் வைத்து மின்கெட்டில் ஓட்டலாமா?

ஆற்றல் பிரச்சினை இல்லை: 2000 வாட் கெட்டில் 5 நிமிடத்துக்கு எடுப்பது 16 ஆம்பியர்-மணிதான். மின்னோட்டம்தான் பிரச்சினை. அந்த 5 நிமிடமும் 180 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஈய அமில பேட்டரியின் வோல்ட் சரிந்து இன்வெர்ட்டர் அலறும், கம்பியும் மிகப் பருமனாக வேண்டும். அடுப்பிலேயே நீர் சுட வைப்பது நல்லது.

எரிவாயு அடுப்பு படகில் ஆபத்தா?

சரியாக அமைத்தால் இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியே கொஞ்சமாவது வெளியே போகும். படகில் தரைப்பலகைக்குக் கீழே உள்ள குழிக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கும். ஆகவே சிலிண்டர் உட்புறத்தோடு தொடர்பில்லாத, அடியில் வெளிப்புறம் திறக்கும் வடிகால் உள்ள பெட்டியில் நிற்க வேண்டும். பெட்ரோல் ஆவியும் அப்படியே கீழே தங்கும். உள்ளே பெட்ரோல் இன்ஜின் இருந்தால் கிளப்பும் முன் காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுங்கள்.

கார்பன் மோனாக்சைடு வேறு விதம். நிறமோ மணமோ இல்லை. காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். அது உங்கள் அடுப்பிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, பக்கத்துப் படகின் ஜெனரேட்டரிலிருந்தும் வரலாம். படகுகளுக்கான இஎன் 50291-2 தரக் குறியுள்ள அலாரத்தைப் படுக்கைக்கு அருகில், மூச்சு மட்டத்தில் வையுங்கள். எரிவாயு உணரியோ நேர்மாறாகத் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். காற்றோட்டத் துளைகளைக் குளிருக்காக அடைக்காதீர்கள். தயவுசெய்து.

ஆழமானி, ஜிபிஎஸ் எல்லாம் தேவையா?

ஆறும் ஏரியும் உங்கள் திட்டத்தில் இருந்தால் ஆழமானி நல்ல முதலீடு. கெட்டி ஃபைபர்கிளாஸ் என்றால் உணரியை உள்ளேயே ஒட்டலாம், துளை தேவையில்லை. நடுவில் நுரை வைத்த ஃபைபர்கிளாஸிலும் எஃகிலும் அது வேலை செய்யாது. நீர்த்தாவரம் அடர்ந்த இடத்தில் செடியின் உச்சியையே தரை என்று காட்டலாம்.

ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இன்ஜின் சுழற்சியை மாற்றாமல் மேல்நோக்கி ஒரு நிமிடம், கீழ்நோக்கி ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு வேகங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் கிடைத்துவிடும். நீரோட்டக் கணக்கில் போட வேண்டிய எண் அதுதான். போன் போதும்; கூடவே லாக், பாலம், தண்ணீர்க் குழாய் குறித்த காகித வரைபடமும் இருக்கட்டும்.

படகில் துளை போடக் கை நடுங்குகிறது. எப்படிச் செய்வது?

கொஞ்சம் நடுங்குவது நல்லதே. மேல்தளத்தில் பெரும்பாலும் இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே மரமோ நுரையோ இருக்கும். துளை வழியே நீர் புகுந்தால் அது உள்ளுக்குள் அழுகும். தேவையைவிடப் பெரிய துளை போட்டு, எபாக்ஸி என்ற பிசினால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் சரியான துளை போடுங்கள். திருகாணி அப்போது மரத்தைத் தொடாது.

நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் படகைத் தரையேற்றித்தான். சாதாரண பித்தளைப் பொருத்திகள் வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்து உலோகம் நொறுங்கும். வெண்கலம் அல்லது தரமான கூட்டுப்பொருள். ஒவ்வொரு துளைக்கும் மூடும் வால்வு. பக்கத்திலேயே கயிற்றில் கட்டிய மர அடைப்பான்.

கரை மின்சாரத்தில் இணைத்ததிலிருந்து ஆனோடு வேகமாகக் கரைகிறது. என்ன நடக்கிறது?

ஆனோடு என்பது படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் உலோகக் கட்டி. கரை இணைப்பின் எர்த் கம்பி உங்கள் படகின் உலோகத்தையும் பக்கத்துப் படகுகளின் உலோகத்தையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. நீர் நடுவில் இருப்பதால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். உங்கள் ஆனோடு எல்லோருடைய புரொப்பெல்லரையும் காக்கத் தொடங்கும். எர்த் கம்பியைக் கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், ஒரு மின்கசிவில் உயிர் போகும். எர்த் கம்பியில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் (பாதுகாப்பு எர்த்தை விடாமல், அந்தச் சிறு அரிப்பு மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் கருவி) போடுவதுதான் சரியான வழி. 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனோடு எந்த உலோகம் என்பதையும் கவனியுங்கள். துத்தநாகம் கடல்நீருக்கு உரியது. நன்னீரில் மேலே படலம் பிடித்துச் செயலிழக்கும். நன்னீருக்கு மக்னீசியம்.

எல்லாம் பொருத்தி முடித்தேன். இப்போது படகு ஒரு பக்கம் சாய்கிறது, என்ன செய்யலாம்?

100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்றே 25 கிலோவுக்கு மேல். முன்பக்க 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, அதுவும் தினமும் மாறும் எடை. கனமானதைத் தாழ்வாக, நடுக்கோட்டுக்கு அருகில், முன்பின் நீளத்தின் நடுவை ஒட்டி வையுங்கள். நகராதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள். கூரையில் சைக்கிள், விறகு, தண்ணீர்க் கேன் என்று குவித்தால் படகின் நிலைத்தன்மை நேரடியாகக் குறையும். தனியாக இரும்புப் பாளங்கள் வைத்துச் சமன் செய்வதற்கு முன், இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் முதல் கேள்வியில் எடுத்த நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து அட்டையை மாற்றி எழுதுங்கள். அதோடு படகைச் சுற்றி வந்து, பக்கச்சுவரில் உள்ள பாத்திரத்தொட்டி வடிகாலும் இறைப்பு பம்பின் வாயும் இன்னும் நீருக்கு மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்பு ஒரு சாண் உயரத்தில் இருந்த துளை இப்போது நீர்மட்டத்தைத் தொட்டால், குழாயை உள்ளே மேல்நோக்கி வளைத்துக் கொண்டுபோய் இறக்குங்கள். அல்லது அதற்கும் ஒரு வால்வு போடுங்கள்.